அரை மாத்திரை

காலை ஆறேகாலுக்குப் பேக்லோஃபென்.
வெள்ளை. நடுவில் கீறல்.
எட்டு மணிக்கு மூத்திரப்பைக்கானது; அதற்குக் கூலியாக
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துவிட்டுப் போகும்.
ராத்திரி, எரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல்.
கேட்காதீர்கள்,
ஊசி குத்தினால் தெரியாத பாதத்துக்குத்
தீ மட்டும் எப்படித் தெரிகிறதென்று.
டாக்டர் நாட்கர்ணி படம் போட்டுக் காட்டினார்:
அறுந்த வயர் சும்மா இருக்காதாம்,
பொறி விட்டுக்கொண்டே இருக்குமாம்.
சுன்னாபட்டி ரயில் கம்பிகளுக்குக் கீழே வளர்ந்தவளுக்கு
இதுகூடவா விளங்காது?

விழுந்ததற்கு ஒரு வரி போதும்:
ஹார்பர் லைன், ஆகஸ்ட், ஈரக் கைப்பிடி.

காலிரண்டும் செத்துப்போச்சு என்று
மாமியார் ஊருக்குப் போன் போட்டு அழுதாள்.
செத்த கால் உதைக்குமா?
விடியுமுன் போர்வையை எத்தித் தள்ளுகிறது.
ஒருநாள் டீயோடு குனிந்த செல்வினின் வயிற்றில் ஓர் உதை.
சுடச்சுட டீ.
கெட்ட வார்த்தை சொன்னான், துடைத்தான், அப்புறம் சிரித்தான்.
"உனக்கு இன்னும் என்மேல கோபம் தீரல ஜெபக்கனி."
எனக்கென்ன கோபம்.
காலுக்கு இருக்கலாம்.
நானும் அதுவும் பேசிக்கொள்வதில்லை.

டோஸை ஏற்றினார்கள். மூன்று வேளை, இரண்டிரண்டு.
கால்கள் பிழியாத துணியாகக் கிடந்தன.
நானும்.

எனக்கு வேலை கடன் கம்பெனியில்,
தமிழில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது,
வீட்டிலிருந்தே, காதில் ஹெட்போன்.
தருமபுரிக்காரர் ஒருவர்
தவணையைப் பத்து நாள் தள்ளச்சொல்லி மன்றாடுகிறார்,
நான் தூங்கிவிட்டேன்.
"மேடம்? மேடம், உடம்புக்கு முடியலையா?
இருங்க, நான் நாளைக்குக் கூப்பிடுறேன்."
அவர் என்னை நலம் விசாரித்தது பதிவாகிவிட்டது.
அந்த அழைப்புக்கு எனக்கு மதிப்பெண்
பத்துக்கு இரண்டு.

அதுகூடப் போகட்டும்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் அந்த ஒரு நொடியில்
முழங்கால் தானாக விறைத்து
என் எடையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.
யாரிடமும் சொன்னதில்லை.
சீட்டில் அவர்கள் கோளாறு என்று எழுதிய இடத்தில்
நான் ஓர் ஊன்றுகோல் வைத்திருந்தேன்.
அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டது மாத்திரை.
அன்றைக்குத் தரையில் கிடந்து,
செல்வின் ஷிப்டு முடிந்து வரும்வரை,
மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும்
திரும்பத் திரும்ப எண்ணினேன்.

"அப்படியானால் நிறுத்திவிடலாமா?" என்கிறார் நாட்கர்ணி.
ஐயோ, வேண்டாம்.
போன ஜூலை மழையில்
ஹேமல்பாய் கடை முட்டளவுத் தண்ணீரில் மூன்று நாள் மூடிக்கிடந்தபோது
நின்றுபோனதே, போதும்.
ஜன்னி கண்டது.
சுவர் முழுக்க இல்லாத பூச்சிகள்.
இடுப்புக்குக் கீழே யாரோ கயிறு முறுக்கினார்கள்.

"பின்னே எவ்வளவு?"

முனிசிபல் பள்ளி, ஐந்தாம் வகுப்பு,
ஒழுகும் கூரைக்குக் கீழே கரும்பலகை:
நெடிலுக்கு இரண்டு.
குறிலுக்கு ஒன்று.
மெய்க்கு அரை.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது.
"ஆதா," என்றேன்.

உடனே அல்ல; படிப்படியாக,
வாரத்துக்கு ஒரு துண்டாக இறங்கி வந்தோம்.
இப்போது மதியத்துக்கு மட்டும் அரை.
எலுமிச்சை நறுக்கும் கத்தியால் கீறலில் வைத்து அழுத்துகிறேன்.
சரிபாதியாக ஒருநாளும் உடைவதில்லை.
பெரிய துண்டு வேலை நாளுக்கு.
சின்னது ஞாயிற்றுக்கிழமைக்கு,
அன்றைக்குக் கொஞ்சம் உதைத்துக்கொள்ளட்டும்.

இன்று புதன்.
பெரிய துண்டுதான் போட்டேன்.
ஆனாலும் வலது கால் காலையிலிருந்து மூன்று தடவை எகிறிவிட்டது,
கால்மிதியில் நிற்க மாட்டேன் என்கிறது.
"என்ன?" என்றேன்.
வெகுநாளைக்குப் பிறகு.

லேப் பையனை வரவழைத்துச் சிறுநீர் கொடுத்தனுப்பினேன்.
கிருமி இருக்கிறதாம், நிறைய.

தெர்மாமீட்டர் அப்போதும்
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்றே
சாதித்துக்கொண்டிருந்தது.