பொறுப்பு ஒப்படைப்பு

அஜிதகுமாரி டீச்சருக்கு,
இனி பஸ் ஏறக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.
திங்கள் முதல் என் வகுப்பு உங்கள் வகுப்பு.
குலசேகரத்திலிருந்து எட்டே கால் வண்டியை விட்டால்
நீங்கள் இறங்கும்போது பிரேயர் முடிந்திருக்கும்.
சாவி சத்துணவுக் கூடத்தில்,
உப்பு டப்பாவுக்குப் பின்னால்.

ஆர்மோனியத்தை நம்ப வேண்டாம்.
மழையில் ஊறிய காந்தாரக் கட்டை
அழுத்தினால் எழும்பாது.
முந்தின நாளே பெட்டிக்குள்
ஒரு கிழி அரிசி போட்டு வையுங்கள்.
அதற்கும் மசியவில்லையா,
காந்தாரம் இல்லாத ராகம் பாருங்கள்.
ஒரு ஜூன் முழுக்க மத்யமாவதியில் ஓட்டினேன்;
மங்களம் பாடிப் பள்ளி திறந்தவள்
இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.

தகரக் கூரையில் மழை இறங்கினால்
மேலே ஏறிக் கத்தாதீர்கள்.
தொண்டை அரசாங்கம் தந்ததல்ல.
ஆதி தாளம் போடச் சொல்லுங்கள்,
எட்டு எண்ணிக்கைக்குள்
மழை எங்கே தப்புகிறது என்று
அவர்களே பிடித்துவிடுவார்கள்.

பரீட்சை நெருங்கினால்
செல்வதாஸ் சார் கதவில் நிற்பார்.
"பாட்டுதானே டீச்சர், பீரியடைத் தாருங்களேன்."
சண்டை வேண்டாம். உள்ளே கூப்பிடுங்கள்.
ஏழு அட்சரம் எண்ணச் சொல்லுங்கள்.
அவர் கை எப்போதும் ஆறிலேயே இறங்கிவிடும்.
கணக்கு சார் தப்பாக எண்ணுவதை
நாற்பது பிள்ளைகள் பார்த்த பிறகு
ஒரு மாதம் அந்த வராந்தாவில் நடமாட்டம் இராது.

கொயரில் பாடும் பிள்ளையையும்
அம்மன் கொடைக்கு உடுக்கடிக்கும் வீட்டுப் பிள்ளையையும்
ஒரே பெஞ்சில் வையுங்கள்.
யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று
தீர்க்கப் போகாதீர்கள்.
போர்டை அழித்துக்கொண்டு நில்லுங்கள், மெதுவாக.

ஒன்பதாம் வகுப்பு
பையன்களுக்குக் குரல் உடையும் வருடம்.
ஐந்து கட்டையில் நிற்காமல்
ஒன்றுக்கு இறங்குங்கள். மானம் போகாது.

நான் இறங்கவில்லை.

போன ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள்
ரெஜினைக் கூப்பிட்டு
"நீ வாய மட்டும் அசை மக்ளே" என்றேன்.
மக்ளே என்று சேர்த்ததும் ஒரு தந்திரம்தான்.
அசைத்தான்.
மேடையில் எல்லாரையும்விடச் சரியாக.
மறுநாளிலிருந்து அதுவும் இல்லை.

இப்போது பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்.

அவன் தங்கை ஜெனிஷா
ரிஜிஸ்டரை நீட்டும்போது சும்மா சொன்னாள்:
விடியுமுன் அப்பாவோடு பால் வெட்டப் போகையில்
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
மரத்துக்கு மரம் அண்ணன் பாடுவானாம்.
"ஒங்க பாட்டுதான் டீச்சர்.
ஆனா கீழ எறக்கிப் பாடுவான்."

மன்னிப்பு நான் கேட்க வேண்டியது. கேட்டேன்.
தலையை மட்டும் அசைத்தான்.

நீங்கள் அவனைப் பாடச் சொல்லாதீர்கள்.
துருத்தி போட ஆள் வேண்டும் என்று கூப்பிடுங்கள்.
சுருதியை ஒன்றில் வையுங்கள்.
அவன் பக்கம் திரும்பாமல்
பாடத்தை நடத்துங்கள்.
அடியில் எங்கோ ஒரு குரல் சேர்ந்தால்
எனக்குப் போன் பண்ண வெளியே ஓடாதீர்கள்.
வகுப்பு முடியட்டும்.

அரிசியை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.
எலி இருக்கிறது.

இப்படிக்கு,
பிரிஸ்கா