கிலோமீட்டர் 951

டான்யூபை முகத்துவாரத்திலிருந்து அளக்கிறார்கள்.
கடலில் பூஜ்யம்; அங்கிருந்து எண்கள் மலைக்கு ஏறும்.
நாங்களோ நீரோடு இறங்குகிறவர்கள்.
ஒவ்வொரு பலகையிலும் கொஞ்சம் குறைந்தோம்.

கோமார்னோ நூலகச் சுவரில் ஒடிலியா ஒட்டியிருந்த சீட்டு:
"முன்னே ஓட்ட ஆள் தேவை. பார்வை அவசியம்.
தத்துவம் பேசுகிறவர்கள் வர வேண்டாம்."
ஒரே சட்டம், இரண்டு இருக்கை, நான்கு மிதி.
கைப்பிடி என் பொறுப்பு, கண் என் பொறுப்பு,
வசவு அவள் பொறுப்பு.
"பள்ளம் என்று முன்னாலேயே சொல்.
விழுந்த பிறகு எனக்கே தெரியும்."

பெல்கிரேடைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது
கோஷவாக் காற்று.
எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
ஆறு இறங்கிய திசையில்
நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம், மூன்று நாள்.

கொலூபாட்ஸில் கோட்டை.
பத்துக் கோபுரம், கால்கள் தண்ணீரில், என்றேன்.
"யாருடையது?"
ஹங்கேரியர், செர்பியர், துருக்கியர்,
மறுபடி ஹங்கேரியர், மறுபடி...
"கோட்டையைக் கேட்கவில்லை.
இந்த மீன் வறுக்கிற வாசனை யாருடையது?"

சொல்ல எதுவும் இல்லாத நேரங்களில்
ஒரு நாரையை நிறுத்திவைப்பேன் கரையோரம்,
ஒற்றைக்காலில்.
"பாவம்," என்றாள் ஒருநாள்,
"நேற்றும் அதே காலில்தான் நின்றது."

பிறகு மலையிடுக்கு. விளக்கில்லாத சுரங்கச் சாலைகள்.
ஆறாவதில் என் முன்விளக்கு செத்தது.
பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு நுழைந்தது.
கை பிரேக்கைத் தேடியது.
"பிடிக்காதே. மிதி.
சுவர் வலப்பக்கம், ஒரு கை தூரம்.
சத்தம் திரும்பி வருகிறதே, காது இல்லையா உனக்கு?"
அவள் எண்ணத் தொடங்கினாள், மிதிக்கு ஒன்றாக.
நாற்பத்து மூன்றில் வெளிச்சம்.
அதன்பின் வெகுநேரம்
நான் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

ரோமப் பேரரசன் ஒருவன் சாலை வெட்டியதைச் சொல்லும்
கல்வெட்டு இங்கே பாறையில் இருக்கிறது.
சாலையிலிருந்து தெரியாது, படகில் போனால்தான்.
அணை கட்டி நீர் உயர்ந்தபோது
பாறையோடு அறுத்து அதை மேலே தூக்கிவைத்தார்கள்.

தீவை விட்டுவிட்டார்கள்.

தெக்கியாவில் காப்பிக்கடை ஸ்தோயங்கா
கரண்டியால் காட்டினாள்: அதோ, ஆற்றுப்போக்கில், அங்கே.
அதா காலே. துருக்கித் தீவு.
"அம்மா முட்டை கொண்டுபோவாள்,
ரவிக்கைக்குள் புகையிலை கொண்டுவருவாள்.
சுங்கக்காரனுக்கும் தெரியும், அவனுக்கும் ஒரு பொட்டலம்."
பிறகு ஆட்கள் வந்தார்கள்.
பள்ளிவாசல் கோபுரத்துக்கு வெடி வைத்தார்கள்.
கோட்டைக் கற்களில் கொஞ்சம் வேறு தீவுக்குப் போயின.
மிச்சத்தின் மேல் தண்ணீர், அவசரமில்லாமல்.

"என்ன தெரிகிறது?" என்றாள் ஒடிலியா.
தண்ணீர்.
"எப்படிப்பட்ட?"
ஒரு நிலக்கரிப் படகு போய்க்கொண்டிருந்தது.
நாரையை அங்கே நிறுத்தக் கால் பதிய இடமில்லை.
சும்மா தண்ணீர், என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பினாள்,
சற்றுத் தள்ளி, மலைப்பக்கமாக.
ஸ்தோயங்கா கரண்டியை வைத்துவிட்டு
அவள் மணிக்கட்டைப் பிடித்து
சுவர்ப்படத்தை நேராக்குவதுபோல்
மெதுவாக நகர்த்தினாள்.
இங்கே.

"இந்த அத்திப்பழ ஜாம் தீவிலிருந்து வந்த மரமா?"
ஸ்தோயங்கா சிரித்த சிரிப்பில் கோப்பைகள் ஆடின.
"சூப்பர் மார்க்கெட், கண்ணே. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்."

மாலையில் காற்று விழுந்துவிட்டது.
951க்கு நேரே வந்தபோது மிதிகள் நின்றன.
இரண்டும் ஒரே சங்கிலி;
ஒருவர் நிறுத்தினால் இருவரும் நின்றாக வேண்டும்,
வண்டியின் சட்டம் அப்படி.
யாருடைய கால் என்று இதுவரை பேசிக்கொள்ளவில்லை.
சக்கரம் மட்டும் டிக் டிக்கென்று
தானாகப் போய்க்கொண்டிருந்தது.

கடலுக்கு இன்னும் தொள்ளாயிரத்து ஐம்பது.

"பள்ளம்," என்றேன், இந்தமுறை முன்னாலேயே.
"தெரியும்," என்றாள்.