ஆள்காட்டி

விமானத்தின் மூக்குக்குக் கீழே
நான்கு திருகாணியில் ஒரு கமரா.
கடலைவிட்டு உள்ளே வந்து
ரயில் பாதை தாண்டி, காலி வீதியின் பஸ் கூரைகள் தாண்டி
இரத்மலானை ஓடுபாதையைத் தொடும்வரை
அது கண்டதையெல்லாம்
தெஹிவளையில், ஒரு பேக்கரிக்கு மேலே,
பாண் வாசத்துக்குள் இருந்து
நான் மறுபடி காண்கிறேன்.
செக்கனுக்கு முப்பது படம்.
நகர்வதைச் சுற்றிப் பெட்டி கீற வேண்டும். அதுதான் வேலை.

முதல் நாளே கேட்டேன்: இதில் நகராதது எது?
புல் ஓடிவருகிறது. வெள்ளைக்கோடு ஓடிவருகிறது.
காற்றுப்பை, வேலிக்கம்பி, துருப்பிடித்த ஹேங்கர்
எல்லாம் விழுந்தடித்து ஓடிவந்து
இரண்டு பக்கமும் பிரிந்து போகின்றன.
ரிஃப்கா கணிதக்காரி. பிளேன்டீயை ஊதிக்கொண்டு சொன்னாள்:
"ஒங்கட ஓட்டத்த மொதல்ல கழிங்க.
மிஞ்சுறதுதான் மத்தவங்கட."

கழித்தோம்.
மிஞ்சியது ஒரு நாய். புல் வெட்டும் உழவு இயந்திரம்.
மழை விட்டபின் அத்திடிய சதுப்பிலிருந்து
சந்தைக்குப் போகும் குடும்பஸ்தனைப்போல
ஆறுதலாக நடந்துவந்த கபரகொயா.
மத்தியானக் கானலைச் சுற்றி இருபத்தேழு பெட்டி.
தண்ணீர் என்று நம்பியிருக்கிறது, பாவம்.
பிறகு, சில்லு தரையைத் தொடும் நேரம்,
கீழிருந்து பெருத்து வந்தது ஒரு கரிய உரு.
பெட்டி சிவந்து சிவந்து அலறியது.
விமானத்தின் சொந்த நிழல்.

ஒரு வெள்ளைச் சொப்பிங் பைக்காக
அரை நாள் வாக்குவாதப்பட்டோம்.
காற்றடித்தால் நகர்கிறது, ஓய்ந்தால் கிடக்கிறது.
விட்டுவிடலாம் என்று நான்தான் எழுதினேன்.

பதினோராம் பறப்பு. கெப்டன் அசிந்த.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் படத்தில்
புல்லுக்குள்ளிருந்து ஒரு பறவை எழும்புகிறது.
பெட்டி பாய்ந்து அதைப் பிடிக்கிறது.
பெட்டியைப் பார்த்த அசிந்த
பெட்டிக்குப் பின்னாலும் பார்க்கிறார்:
நடுக்கோட்டில் சைக்கிள். சைக்கிளில் ஒரு மனிதர்.
ஒலிப்பதிவில் ஒரு மூச்சு, பிறகு உறுமல்,
படம் முழுக்க வானம்.

பின்னோக்கி ஓட்டினேன்.
ஒன்பது செக்கனாக அவர் அங்கேதான் இருந்திருக்கிறார்.
இடப்பக்கம் போகவில்லை. வலப்பக்கம் போகவில்லை.
எங்களை நோக்கி நேராக மிதித்தவர்
படத்தில் மட்டும் அசையாமல் நின்று
கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தார்.
கழித்த கணக்கில் அவரும் கழிந்துபோனார்.

பெயர் பியதிலக. வோக்கியில் பற்றரி செத்திருந்தது.
நான் விட்டுவிடச் சொன்ன பையைப்
பொறுக்க வந்தவர்.

பறவைக்கு என்ன வகை என்று கேட்டது திரை.
ரிஃப்கா எட்டிப் பார்த்து "ஆள்காட்டி" என்றாள்,
மைனா என்பதுபோல, காகம் என்பதுபோல.

எங்கள் வீட்டில் அது பறவை இல்லை.
கொட்டாஞ்சேனையில், நான் பிறக்க முதல்,
வரிசையில் நின்ற அப்பாவுக்கு முன்னால்
சாக்கு மூடிய ஒரு தலை நின்றது,
யோசித்தது, அசைந்தது.
மேலும் கீழுமா, பக்கவாட்டிலா
என்று அவர் சொன்னதில்லை.
இன்றைக்கும் வாசற்கதவை இரண்டு தடவை பூட்டுகிறார்.

எழுத்தெழுத்தாக அடித்தேன். ஆ. ள். கா.
சரி. காட்டியது.
ஆள் இருக்கிறார், பின்னேரம் பாணும் சம்பலும் சாப்பிட்டாராம்.

ரிஃப்கா நிரலில் ஒரு வரி சேர்த்தாள்:
நகராமல் பெருப்பதையும் பார்.
எனக்குத் தூக்கம் வந்தது.

இரவு, காலி வீதி, மஞ்சள் கடவை.
பாணந்துறைப் பக்கமிருந்து நூறாம் இலக்கம்
இடமும் போகாமல் வலமும் போகாமல்
இரண்டு விளக்கும் பெருத்து, பெருத்து...
ஓரடி பின்வைத்தேன்.
அது கிளப்பிய காற்றில் ஒரு பை எழும்பி
முன்னால் நின்ற பெடியன்ர காலில் சுற்றியது.
அவன் குனிந்து பார்க்கவும் இல்லை.
குனிந்து எடுத்தேன்.