உள்ளிழுத்த ஆம்

வடக்கே, ஆமாம் என்று சொல்ல
வாய் திறக்க மாட்டார்கள்.
உதட்டைக் குவித்து
ஒரு மிடறு காற்றை உள்ளே இழுப்பார்கள்: ஷூப்.
அவ்வளவுதான்.
காப்பி வேண்டுமா? ஷூப்.
இன்றைக்குப் பனி விழுமா? ஷூப்.
உமியோ மருத்துவமனைக்கு வேலைக்கு வந்த முதல் மாதம்
யாருக்கோ மூச்சு முட்டுகிறதென்று
இரண்டு தடவை எழுந்து ஓடியிருக்கிறேன்.

ஸூர்ஸெலேயிலிருந்து
மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற ரூனேவும்
ஹில்லெவியும்
இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பனிச்சாலையில்
கொண்டுவந்த குழந்தைக்குப் பதினொரு வாரம்.
பிறந்த எடையைவிட முந்நூறு கிராம்தான் கூடுதல்.
மூச்சு உள்ளே போகும்போதெல்லாம்
ஈர விரலால் கண்ணாடியைத் தேய்க்கிற கீச்சு.
வெளியே வரும்போது சத்தமே இல்லை.

"முதலில் சிரித்தோம்," என்றாள் ஹில்லெவி.
"எங்கள் ஊர்க்காரி அல்லவா,
எதற்கும் ஆமாம் ஆமாம் என்கிறாள் என்று."
ரூனே எதையும் சொல்லவில்லை.
டீசல் ரசீதுகளின் பின்பக்கத்தில்
அவன் எழுதிவைத்திருந்ததை நீட்டினான்:
நாற்பது மில்லி. இருபத்தைந்து. பதினைந்து, அதுவும் கக்கிவிட்டாள்.
நான்கு வாய் குடித்தால் ஓய்வு.
ஐந்தாவது வாய்க்கு உதடு நீலம்.
மல்லாக்கக் கிடத்தினால்
விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுகிறது,
ஒரு கரண்டி தண்ணீர் நிற்கும் அதில்.

மூக்கு வழியே சேமியா பருமனில் ஒரு குழாய்.
திரையில் வெளிச்சம், எச்சில், இளஞ்சிவப்பு.
விரிந்து நிற்க வேண்டிய குரல்வளை மூடி
வாடிய இலையாய் இரண்டு ஓரமும் சுருண்டிருந்தது.
பக்கத்து மடிப்புகள் குட்டை;
அவைதான் அதை இழுத்து வளைத்திருந்தன.
பின்னால் இரண்டு சின்ன மேடுகள்,
அளவு பெரிதான சட்டையைப் போல
அவற்றின்மேல் தொளதொளவென்று சவ்வு.

இழுத்தாள்.
மூன்றும் சரிந்து வாசலிலேயே விழுந்தன.
விட்டாள்.
எழுந்து வழிவிட்டன.
எவ்வளவு பலமாக இழுக்கிறாளோ
அவ்வளவு இறுகச் சாத்திக்கொள்ளும் கதவு.
பாவம், அவளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும்.

மேலே ஒன்று, கீழே இரண்டு.
என் மொழியில் அது ஓர் எழுத்து.
ஃ.
உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது.
உச்சரிக்கச் சொன்னால் வகுப்பே தொண்டையைச் செருமும்.
அந்த அறையில் யாரிடம் சொல்வது இதை?
குழாயைத் துடைத்து மாட்டினேன்.

"எங்கள் தப்பா?" என்று கேட்டான் ரூனே.
மருத்துவர் யோர்டிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.
இல்லை. குருத்தெலும்பு இன்னும் இளசு.
முக்கால்வாசிக் குழந்தைகளுக்குச் சும்மா விட்டாலே
இரண்டு வயதுக்குள் இறுகிவிடும்.
இவளிடம் காத்திருக்க எடை இல்லை.

மறுநாள்.
என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை
அந்தக் கத்தரியின் வாய்.
இடப்பக்க மடிப்பில் ஒரு வெட்டு.
வலப்பக்கத்தில் ஒன்று.
தொங்கிய சவ்வில் ஓர் அரிசிமணி அளவு,
போதும் என்றார் யோர்டிஸ்,
அதிகம் எடுத்தால் பால் வழிதவறிவிடும்.
ஒரு பஞ்சுக்கு மேல் ரத்தமில்லை.
சுருட்டிவைத்த காகிதம் கைவிட்டதும் தளர்வதுபோல
மூடி கொஞ்சம் நிமிர்ந்தது.
கொஞ்சம்தான்.

மூன்றாம் இரவு, வார்டில் இருந்து மணி.
ஓடிப்போனால்
இருவரும் தொட்டிலின்மேல் குனிந்து நிற்கிறார்கள்.
"சத்தம் வரவில்லை," என்றாள் ஹில்லெவி.
குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
மார்பு ஏறியது, இறங்கியது, குழி இல்லை.
ரூனே அவள் முதுகில் வைத்த கையை
விடியும்வரை எடுக்கவில்லை.

அழுதால் இன்னும் கீச்சிடுகிறாள்.
ஆனால் அறுபது மில்லி, ஒரே மூச்சில் என்று சொல்லலாமா,
ஏழெட்டு மூச்சில்.

வேலை முடிந்து பேருந்தில் ஏறினேன்.
மைனஸ் பத்தொன்பது.
எர்ஸ்பூடாவுக்கா என்றார் ஓட்டுநர்.
என்னை அறியாமல் உதடு குவிந்தது.
ஷூப்.
குளிர் பல்லில் பட்டு,
எங்கேயும் இடிக்காமல்
உள்ளே போனது.