நேட்டிவ்

"உங்க நேட்டிவ் எது?" என்பவர்களிடம்
கேகே ஆஸ்பத்திரி என்பேன்.
இந்தச் சர்வரைக் கேட்டால்
தன் சில்லின் பெயரைச் சொல்லும்.

நாலு வருடம் முன்பு மகிழ்நன்
கம்பைலர் அமைப்பில் எழுதிவிட்டுப் போன ஒற்றைச் சொல்:
நேட்டிவ்.
அன்றிலிருந்து மூலநிரல் எது வந்தாலும்
தன் உடம்புக்கே அளவெடுத்துத்
தைத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்குள் எல்லாம்
லோயாங்கில் உள்ள பெட்டிக்குப் போக வேண்டும்.
வாடகை பாதி. சில்லு ஆறு வயது மூத்தது,
இதன் அகலமான ஆணைகள் அதற்குப் புரியாது.

தை செங், எட்டாம் மாடி, இரவு பதினொன்று.
குளிருக்கு இரண்டு சட்டை,
மூடி திறக்காத கோப்பி ஓ.
முதலில் நகல்.
மீட்டுப் பார்க்கும்வரை அது நகலே இல்லை,
மீட்டுப் பார்த்தேன்.
பிறகு இலக்கைத் தாழ்த்தினேன்,
இரண்டு சில்லும் அறிந்த பொதுப் படிக்கு.
கம்பைலர் முதலில் தன்னையே தைத்துக்கொள்ளட்டும்,
அடுத்து சி நூலகம்,
அதன் பின் மிச்சம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
இறங்குவதில் ஒரு சலுகை:
பாதியில் நின்றாலும் இங்கே ஓடும்.
பாதியோடு அங்கே போகக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று இரவு.
விசிறிகள் கத்தின. நான் கத்தவில்லை.

வியாழன், லோயாங்கிலிருந்து ஹஃபீசா
நகலை வைத்து எழுப்பிப் பார்த்தாள்.
"கடிகாரம் சரி. தரவுத்தளம் சரி. லேபிள் அச்சு..."
அப்புறம் பேச்சில்லை.
திரையில் இருந்ததைப் படித்தாள்:
சட்டவிரோத ஆணை.

'எனக்குத் தெரியாது' என்று சொல்லாது இந்த யந்திரம்.
சட்டவிரோதம் என்கிறது.
இந்த ஊரில் அந்தச் சொல் காதில் விழுந்ததும்
என் கை தானாகப் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு வந்தது.

பட்டியலில் இல்லாத ஒன்று.
மகிழ்நன் கையால் கட்டி
ஓரமாக வைத்துவிட்டு
மெல்பர்ன் போயிருக்கிறான்.
மூலநிரல் அவன் அடைவிலேயே கிடந்தது,
தலையில் ஒரு குறிப்பு:
வேகமா ஓடுது. தொடாதே.

நாற்பது வினாடி வேலை.
மூன்று இரவுக்கு வெளியே நின்ற நாற்பது வினாடி.

ஹஃபீசா முதல் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினாள்,
சற்றே கோணலாக.
கோப்பி ஆறி, பனிக்கட்டி ஆகாத குறை.

அவன் குறிப்பை அழிக்கவில்லை.
கீழே எழுதினேன்:
தொட்டேன்.
கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்,
ரெண்டு இடத்திலும்.