ஒன்றரை அடி

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
ஒரு கல்லுக்கடியில் செருகிவிட்டு நடந்தேன்.
சாக்கடை மூடிக்கும் நடைபாதை டைல்ஸுக்கும் நடுவே
அகலம் ஒன்றரை அடி.
சில இடங்களில் ஒன்றேகால்.
மின்கம்பம் நிற்கிற இடத்தில் ஒன்றுமேயில்லை.
நீளம் இருநூற்றுப் பத்து மீட்டர்,
அழகாபுரம் வளைவிலிருந்து
பூட்டிக் கிடக்கும் பால் பூத் வரை.
"பசுமையாக இருத்தல் வேண்டும்"
என்று மட்டும் இருந்தது உத்தரவில்.
எந்தப் பச்சை என்று இல்லை.

முழங்கை ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது.
வெள்ளைக்கல்.
சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு காத்திருக்கிறது மண்.
வெற்றிலைதான் வரவில்லை.

இட்லிப்பூ வேண்டாம் என்றார்
கருப்பூர் நர்சரி மாதையன்.
"வைக்கறப்ப செவப்பாச் சிரிக்கும்மா.
மூணாம் மாசம் எலையெல்லாம் மஞ்சக்காமால.
மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா குடுக்காது."
இரும்பாலை இருக்கிற ஊரில்
ஒரு செடிக்கு இரும்பு கிடைக்காதாம்.
குறித்துக்கொண்டேன்.

அரளி வறட்சி தாங்கும், ஆடு தொடாது.
ஆனால் விடிகாலை நாலரைக்குக்
கேரிபேக்கோடு வருகிறவர்கள்
பூவோடு கிளையையும் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள்.
எதிரில் பள்ளிக்கூடம் வேறு.
அரளிக்காய் என்று நினைத்ததும்
எழுதிய கையே அடித்துவிட்டது.

காகிதப்பூ
ஒன்றரை அடி என்கிற பேச்சையே ஏற்காது;
நடக்கிறவர் கண்ணுயரத்துக்கு முள்ளை நீட்டும்.
சோற்றுக்கற்றாழை ஒரு வாரம் இருக்கும்,
பிறகு ஊரின் தலைமுடியில் இருக்கும்.
மருதாணிக்கு ஒரு முகூர்த்த மாதம் போதும்.
யார் பறித்தார்கள் என்று
விசாரிக்கவாவது வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து கொண்டுவரலாமே என்றார் மேலதிகாரி,
மே மாத மலர்க் கண்காட்சி இன்னும்
கண்ணை விட்டு இறங்காதவராய்.
ஹைட்ரேஞ்சியாவாம்.
ஜன்னல் வழியே வடக்கே பார்த்தேன்.
நாற்பத்தோரு டிகிரி வெயிலில்
மலை நீலமாக நின்றது,
இந்தப் பேச்சுக்கும் தனக்கும்
சம்பந்தமில்லை என்பதுபோல்.

மிஞ்சியவை:
நித்தியகல்யாணி, ஆவாரை, வெட்டிவேர்,
கம்பத்தடியில் பிரண்டை.
தண்ணி லாரி வராத நாளிலும்
கோபித்துக்கொள்ளாதவை.
கூட்டிப் பார்த்தேன். தொகை சரி. தூக்கம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் சும்மா போய் நின்றேன்.
டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்
ஒருவர்கூட வளைவு வரை போய்த் திரும்பவில்லை.
மருந்துக்கடைக்கு நேராக, என் படத்தின் மேலேயே
ஒரே இடத்தில் காலை வைத்து ஏறினார்கள்.
நின்ற ஒரு மணி நேரத்தில்
நூற்றுப் பதினான்கு கால்களை எண்ணினேன்.
அந்த இடத்தில் மண் பளபளவென்றிருந்தது.

பக்கத்தில் தட்டுவடை செட் வண்டி.
ஜைத்தூன் பீட்ரூட் துருவிய சட்டியை அலசி
ஒன்றரை அடிக்குள் ஊற்றினாள்.
மண் ஒரு நொடி சிவந்து, விழுங்கிக்கொண்டது.
"இங்கயும் செடி வப்பீங்களா மேடம்?"
பூண்டுச் சட்னி உறைப்பில் இருந்தேன்.
தலையாட்டியது ஆமாமா இல்லையா,
எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் போய்
சக்கரத் தடத்தை அளந்தேன்.
மூன்று அடி இரண்டு அங்குலம்.
ஏறுகிற கால்களுக்கு இன்னொரு நாலு அடி.
மதிப்பீட்டில் வரிசை எண் ஐந்து:
செடி இல்லை. குழி இல்லை. தொகை இல்லை.

பத்தாம் நாள் கோப்பு திரும்பி வந்தது,
ஓரத்தில் பச்சை மையோடு:
"வ.எண் 5. தாவரத்தின் பெயர் குறிப்பிடப்படவில்லை. விளக்கம் தேவை."

மத்தியானம் வண்டியடியில் மறுபடி குனிந்து பார்த்தேன்.
சட்டித் தண்ணீர் விழுகிற இடத்தில்
யாரும் நடாத ஒன்று,
நாலு இலை, கசக்கினால் அந்த வாசனை.

எழுதி அனுப்பினேன்:
தக்காளி. எண்ணிக்கை ஒன்று.
ஏற்கெனவே உள்ளது.