உபயோகம்

வரைபட விண்ணப்பத்தின் ஒன்பதாவது, கடைசிக் கட்டம்
'உபயோகம்' என்று கேட்கிறது.
குடியிருப்பு, வணிகம், கல்யாண மண்டபம்:
இருபது வருடமாக இதில் ஒன்றைத்தான் நிரப்புகிறேன்.
இன்றைக்குப் பேனா நின்றுவிட்டது.

தாழங்குடாவில் ஒரு புயல் பாதுகாப்பு மையம்.
தூண்கள்மேல் நிற்கிறது,
அலைக்குப் பயந்து
சேலையைத் தூக்கிப் பிடித்தவள் மாதிரி.
வருடத்தில் ஐந்து நாள் திறப்பார்கள்.
மீதி முன்னூற்று அறுபது நாளும்
பூட்டுக்கும் துருவுக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை.

பழுதுபார்ப்புக்கு அளவெடுக்கத்தான் போனேன்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அஞ்சலாட்சி
(மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவள்)
"படம் போடுற காலேஜ் வைக்கலாமே மேடம்,
சும்மாதானே கிடக்கு" என்றாள்.
சும்மா கிடக்கிற இடமெல்லாம் காலேஜா என்று சிரித்தேன்.
ராத்திரி மஞ்சக்குப்பத்தில் கணினியைத் திறந்து
ஒரு கோடு போட்டேன்.
அழிக்கவில்லை.

வடக்கே பெரிய ஜன்னல்.
அவசரப்படாத வெளிச்சம் அங்கேதான் வரும்.
தெற்கையும் மூடவில்லை.
தெளிந்த நாளில் சிப்காட் புகைபோக்கிகள் தெரியலாம்.
அந்த வானத்தின் நிறத்தைக் கலப்பதே
முதல் வருடப் பாடம்.
பார்க்கிறவர் மூக்கைப் பொத்தினால் தேர்ச்சி.

வாசல் ஏழடி போதுமா என்றது மென்பொருள்.
பதினொன்று என்றேன்.
ஃபைபர் படகு ஒன்று உள்ளே வர வேண்டும்.
எதற்கு என்று எனக்கே தெரியாது.
எதற்கென்று தெரியாத ஒன்றாவது
படிக்கிற இடத்துக்குள் வரட்டும்.

சுவருக்கு டிஸ்டெம்பர் வேண்டாம், சுண்ணாம்பு.
ஐப்பசி பிறக்கும்போது வெள்ளையடிப்பார்கள்.
அந்த வருடம் வரைந்ததெல்லாம்
ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய்விடும்.
நூறு வருடத்தில் அறை
ஒரு சாண் சுருங்கியிருக்கும்.
கணக்கை ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

பிறகு, பெண்ணையாறு எழும்பும் இரவு.
துறைமுகத்தில் பத்தாம் எண் கூண்டு ஏறிவிட்டதாம்.
அறுநூறு பேர், ஆடுகள், கேஸ் சிலிண்டர்,
பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் கார்டு,
எல்லாம் படியேறி வரும்.
களிமண் தொட்டிகளைக் கழுவிக் குடிநீர் நிரப்புவார்கள்.
பாதி முடிந்த சிலையின் தோளில்
யாரோ ஈரப் பாவாடையைக் காயப்போடுவார்கள்.
சிலை செய்த மாணவி
எடுக்கச் சொல்லக் கூடாது.
இது விதி.
கரண்ட் போனபின் தூக்கம் வராத பிள்ளைகள்
செல்போன் வெளிச்சத்தில் சுவரைப் பார்ப்பார்கள்.
ஒருவன் கரித்துண்டை எடுத்து
யாரோ வரைந்த நாய்க்கு
தன் நாயின் கிழிந்த காதைப் போட்டுவிடுவான்.
அதுவரை அது
யாருடைய நாயும் இல்லை.

உதவிப் பொறியாளர் சாமிதுரை தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"கழிப்பறை இருபத்து நாலா?
காலேஜுக்கு எதுக்கு இவ்வளவு?"
புயலுக்குப் பத்தாது சார் என்றேன்.
"புயல் மையத்துக்கு எதுக்கு வடக்கு ஜன்னல்?"
அதற்கும் பதில் வைத்திருந்தேன்.
அவர் கேட்டது அது இல்லை.
"ரெண்டுல ஒண்ணை எழுதிக் கொண்டாங்க."

அஞ்சலாட்சியை அழைத்தேன்.
ஏலக் கூச்சலுக்கு நடுவில் கத்தினாள்:
"அதைவிடுங்க மேடம்,
சாவி யாருகிட்ட இருக்கும்னு எழுதுனீங்களா?"

படிவத்தில் சாவிக்குக் கட்டம் இல்லை.
அடிக்கோலை வைத்து
பத்தாவதாக ஒன்று
வரைந்துகொண்டிருக்கிறேன்.